வாரத்துக்கு வந்த கோழி

என் மனைவி வெற்றிச்செல்விக்குக் கோழி வளர்க்கத் தெரியாது. இதை அவள் எதிரில் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்காது, அதனால் இங்கே சொல்கிறேன். கோழி வளர்க்கத் தெரிந்தவர்கள் வாசலில் வளர்ப்பார்கள், கொல்லையில் வளர்ப்பார்கள். இவள் தையல் மெஷினுக்கு அடியில் வளர்த்தாள்.

அதுவும் எங்கள் கோழி இல்லை. வம்பே அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் பக்கத்தில் ஆடு மாட்டைப் போலக் கோழியையும் வாரத்துக்கு விடுவதுண்டு. வைத்துப் பார்க்க முடியாதவர்கள் தாய்க்கோழியை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அதை அடைவைத்து, குஞ்சு பொரிக்கவைத்து, தீனி போட்டு ஆளாக்க வேண்டும். தாய்க்கோழி கடைசிவரை விட்டவருக்கே சொந்தம். தேறி வளர்ந்த குஞ்சுகளில் பாதி வளர்த்தவருக்கு. பங்கு பிரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வளர்த்தவர் குஞ்சுகளை இரண்டு பங்காக்கி, இரண்டு பஞ்சாரக் கூடைகளால் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். கோழிக்குச் சொந்தக்காரர் வந்து பார்த்து, தனக்குப் பிடித்த பங்கை எடுத்துக்கொள்வார். பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் இன்னொருவர் என்பதால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று ஊரில் சொல்வார்கள்.

எங்களுக்குக் கோழி விட்டது அடுத்த தெருப் பச்சையம்மாள் அக்கா. தை மாதம் அவர் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்ட ஆரம்பித்தார். ஜல்லிக்கும் சிமெண்டு மூட்டைக்கும் நடுவில் அடைக்கோழி எப்படி உட்காரும்? கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நின்றார்.

"செல்வி, நீ வூட்டுலயே ஒக்காந்து தைக்கிறவ. உன் கண்ணு முன்னாடியே கெடக்கும். வாரத்துக்கு வெச்சிக்கிறியா?"

"வெச்சிக்கிறேங்க்கா," என்றாள் என் மனைவி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் வேலை. குன்னத்திலிருந்து உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்கு, ஷிப்டு முடிந்து பைக்கில் வந்து சேரும்போது பொழுது விடிந்திருக்கும். உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதி. குளித்துவிட்டுப் படுத்தால் மத்தியானம்வரை எனக்கு யார் சத்தமும் ஆகாது. இந்த வீட்டில்தான் குஞ்சுகள் பொரித்தன. அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று.

கடைசி முட்டை ஒன்று ஓட்டில் சின்ன ஓட்டை விழுந்ததோடு நின்றுவிட்டது. உள்ளே இருந்து கீச்சு கீச்சென்று சத்தம் மட்டும் வந்தது. தாய்க்கோழி மற்றக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டது. அதை விட்டுவிடு, தானாக வெளியே வராத குஞ்சு தேறாது என்று நான் சொன்னேன். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, ஊசி பிடிக்கும் அதே விரல்களால், ஓட்டைப் பொறுக்கி எடுத்தாள். ஈரப் பஞ்சு போல ஒன்று வெளியே விழுந்தது. கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. ரவிக்கைத் துணி வரும் அட்டையில் ஒரு துண்டு வெட்டி, பாதத்தில் வைத்து, நாடாவால் கட்டிவிட்டாள். குஞ்சு அட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு டக்கு டக்கென்று வீட்டுக்குள் நடந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கட்டை அவிழ்த்தபிறகும் ஒரு கால் கோணலாகவே நின்றுவிட்டது. தாயின் பின்னால் ஓட முடியாமல் அது மெஷினுக்கு அடியிலேயே தங்கிவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூடச் சட்டைக்குத் தைக்க வைத்திருந்த பட்டன் ஒன்றை விழுங்கிவிட்டது. ஏழாவது படிக்கும் எங்கள் மகள் சுடர்விழி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அதன் எச்சத்தையெல்லாம் கிளறிப் பார்த்தாள். பட்டன் வரவேயில்லை. அது இன்னும் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி. அதனால் குஞ்சுக்குப் பட்டன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

பட்டனுக்கு மெஷின் பெடல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதில் ஒரு சுகம். செல்வி மிதிக்க மிதிக்க மேலும் கீழும் ஆடிக்கொண்டே கண்ணை மூடித் தூங்கும். மெஷின் நின்றால் விழித்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கத்தும். அளவு கொடுக்க வரும் பெண்கள் இதைப் படம்பிடித்துப் போனில் போட்டுக்கொண்டார்கள். செல்வி வாடிக்கையாளர்களிடம் பேசுவதைவிட அதனோடு பேசுவது அதிகமாயிற்று. எந்த ரவிக்கைக்கு எந்த நூல் என்பதையெல்லாம் அதைத்தான் கேட்டாள். நான் ஒன்று கேட்டால் "சும்மா இருங்க, வேலையா இருக்கேன்" என்பாள். கோழியிடம் பொறாமைப்பட்ட ஆம்பளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மற்றக் குஞ்சுகள் என் பொறுப்பாயின. நான் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு இல்லை. விடியலில் நான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் பஞ்சாரத்துக்குள் கிடந்து கத்தும். தீனி போடாவிட்டால் தூங்க விடாது. அதற்காகத்தான் போட்டேன், வேறு ஒன்றும் இல்லை. மக்காச்சோளக் குருணையைக் கையில் அள்ளி, "பா... பா... பா..." என்று கூப்பிட்டால் இறக்கையைப் பரப்பிக்கொண்டு ஓடிவரும். அதில் செவலைப் பெட்டை ஒன்று எப்போதும் முதலில் வரும். என் காலைச் சுற்றி ஒரு நடை நடந்து, செருப்பில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைக் கொத்திப் பார்த்துவிட்டுத்தான் தீனிக்கு வாய் வைக்கும். மற்றவை முண்டினால் ஒரு கொத்து விட்டு வரிசைக்குக் கொண்டுவரும்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போய்விடவில்லை. மாசி மாதம் ஒரு குஞ்சைச் சுடரின் கண் எதிரிலேயே பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. இவள் கல்லை எடுத்துக்கொண்டு கொல்லையைத் தாண்டிப் பருத்திக்காடு வரைக்கும் அழுதுகொண்டே ஓடினாள். பங்குனி வெயிலில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. சொட்டுமருந்து போடுவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியது நாங்கள்தான். ஒன்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையில் நின்றது. அடுத்து இன்னொன்று. செல்வி தைக்கிற வேலையைப் போட்டுவிட்டு, சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்து உருண்டை பிடித்து ஒவ்வொன்றின் வாயிலும் ஊட்டினாள். ஊட்டிய கையிலேயே சில செத்தன. முருங்கை மரத்தடியில் குழி வெட்டியது நான்தான். மண்வெட்டியால் ஒரே போடு, அவ்வளவு சின்னக் குழி. வெட்டி வெட்டி எனக்கு வெறுத்துப்போயிற்று. இனிமேல் இந்த வீட்டில் கோழியே வேண்டாம் என்று கத்தினேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் தேறியவை ஆறு. செவலை, ஒரு கருப்புப் பெட்டை, ஒரு சேவல். இந்த மூன்றும் நன்றாகக் கொழுத்திருந்தன. மீதி மூன்றில் ஒன்று பட்டன். ஒன்றுக்கு நோயில் கழுத்துக் கோணிக்கொண்டது. இன்னொன்று சிறகே சரியாக முளைக்காமல் நோஞ்சானாக நின்றது.

ஆனி பிறந்தது. பச்சையம்மாள் அக்கா வீடு கட்டி முடித்துக் குடிபோனார். திருமானூரில் வாக்கப்பட்ட அவர் மகள் சுமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பெண் குழந்தை பெற்றிருந்தாள். அக்கா எங்கள் வாசலுக்கு வந்து, "நாளைக்குக் காலையில பங்கு பிரிச்சி வையி செல்வி. புள்ள பெத்தவளுக்குச் சாறு வெச்சிக் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். சாறு என்றால் இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டையைத்தான் தேடுவார்கள். வெடக்கோழி என்போம். பட்டனும் வெடக்கோழிதான்.

அன்றைக்கு முழுதும் செல்வி ஒரு தையலும் நேராகத் தைக்கவில்லை.

"நேரா கேட்டுடேன். அக்கா, அந்த நொண்டிய எனக்கு விட்டுடுங்கன்னு," என்றேன்.

"கேக்குறதா? வாரக்கோழியில இன்னது வேணும்னு வளத்தவ வாயத் தொறக்கலாமா? நல்லத ஒதுக்கிக்கிட்டா செல்வின்னு ஊரே பேசும்."

"நொண்டியப் போயி யாரு நல்லதும்பா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம இருங்க."

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கொழுத்த மூன்றும் ஒரு கூடையில். பட்டனும் நோஞ்சான்கள் இரண்டும் இன்னொரு கூடையில். பச்சையம்மாள் அக்கா லேசுப்பட்ட ஆள் இல்லை. பருத்தி எடை போடும் இடத்தில் வியாபாரி தராசைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறவர். அப்படிப்பட்டவர் எந்தக் கூடையை எடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? கொழுத்ததை எடுத்துக்கொண்டு போவார், பட்டன் வீட்டிலேயே நிற்கும்.

"இப்படி ஒருதலையா பிரிச்சா சந்தேகப்பட மாட்டாங்களா?" என்றேன்.

"ஆத்தா, நல்லதெல்லாம் எனக்கேன்னு சந்தோசமா எடுத்துக்கிட்டுப் போவாங்க. இதுல என்னா சந்தேகம்?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது. செவலையும் அந்தக் கூடையில்தான் போகும் என்பதை நான் யோசிக்காத மாதிரி இருந்துகொண்டேன். விடிந்ததும் செல்வி கொழுத்த மூன்றுக்கும் வயிறு முட்டத் தீனி வைத்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோலச் சேவலின் வாலை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். சுடர் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பட்டனைத் தூக்கி மூக்கோடு உரசிவிட்டு, "போயிடாதுல்லம்மா?" என்று கேட்டாள். "போவாது, போ," என்றாள் அம்மா.

நான் முந்தின ராத்திரி ஷிப்டுக்கே லீவு போட்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால், லாரிக்கு எப்.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சையம்மாள் அக்கா வந்தார். முதலில் தாய்க்கோழியைத் தூக்கித் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கூடைகளுக்கும் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தார், மூடினார். மற்றதைத் தூக்கிப் பார்த்தார், மூடினார். செல்வி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னா செல்வி இது? நல்லதெல்லாம் ஒருபக்கம், நோஞ்சானெல்லாம் ஒருபக்கம்?"

"இல்லக்கா... சும்மா... அப்படியே புடிச்சிப் போட்டேன்."

"எனக்குத் தெரியாதா? நான் கொழுத்தத எடுத்துக்கிட்டுப் போவணும்னுதானே இப்படிப் பிரிச்சி வெச்சிருக்க?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

அக்காவின் கண் கலங்கியிருந்தது. "வூட்டுல புள்ள பெத்தவ இருக்கான்னு நீ பாத்துப் பாத்துச் செய்யிற. பங்குனியில நீ பட்ட பாட்ட நான் பாக்கலையா? தைக்கிறத வுட்டுப்புட்டு இதுங்களோட கெடந்தியே. அதுக்கு நான் கொழுத்தத வாரிக்கிட்டுப் போனா எனக்குப் பொறுக்குமா? உன் பொண்ணு ஈர்க்குச்சியாட்டம் இருக்குது. நல்லது உனக்கே இருக்கட்டும்." சொல்லிக்கொண்டே நோஞ்சான் கூடையைத் திறந்து, பட்டனைக் காலைப் பிடித்துத் தூக்கினார்.

"அக்கா, வேணாங்க்கா! நல்லத எடுத்துக்கிட்டுப் போங்க!"

"சும்மா இருடி."

"அக்கா, என் பேச்சக் கேளுங்க. அந்தக் கூடை உங்களுக்குத்தான்."

அவள் சொல்லச் சொல்ல அக்காவுக்கு அவள்மேல் பாசம் கூடிக்கொண்டே போயிற்று. "உன்னையப் போல ஒருத்தி இந்தத் தெருவுல உண்டாடி?" என்று கன்னத்தைத் தடவினார். மூன்றையும் ஒயர்கூடையில் வைத்து, தாய்க்கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இந்த நொண்டி இன்னிக்கிச் சாறுக்கு ஆவும். அது ரெண்டும் தேறட்டும்," என்று கிளம்பிவிட்டார். ஒயர்கூடையின் ஓட்டை வழியாகப் பட்டன் தலையை நீட்டி, அளவு எடுக்க வருகிறவர்களைப் பார்ப்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

செல்வி உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். காலைப் பெடலில் வைத்தாள். மிதிக்கவில்லை.

"போய்க் கேட்டு வாங்கிட்டு வா," என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேப்பேன்? சுடர் வந்து கேட்டா என்னா சொல்லுவேன்? புள்ள ஏங்கிப் போயிடுவா." அவள் முகத்தைப் பார்த்தால் ஏங்கிப்போயிருந்தது யார் என்று நன்றாகத் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் நகையை அடகுக்குக் கேட்டிருக்கிறேன், கொடுத்திருக்கிறாள். ஊர் ஊராய் வேலை தேடி என்னோடு அலைந்திருக்கிறாள். ஒருநாளும் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. வண்டியை வெளியே தள்ளி, "ஏறு," என்றேன்.

புது வீட்டில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. உள்ளறையில் சுமதி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் கோழி முடி பறிக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பட்டனைக் கயிற்றில் கட்டிப் போட்டிருந்தார்கள். செல்வியைப் பார்த்ததும் அது எழுந்து கொக்கொக்கென்று புகார் சொல்ல ஆரம்பித்தது. அக்கா அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வா செல்வி, வாப்பா நல்லதம்பி. என்னா ரெண்டு பேரும்?"

"அக்கா, எங்களுக்கு மனசே கேக்கல. கொழுத்தத எடுத்துக்கிட்டு இதக் குடுத்துடுங்க," என்றாள் செல்வி.

"ஆரம்பிச்சிட்டியா? குடுத்ததத் திருப்பி வாங்குற பழக்கம் எனக்குக் கெடையாது."

"சாறுக்கு நல்ல கோழி வேணாமாக்கா?"

"இது போதும்டி, என்னா இப்ப?" அக்கா பட்டன் பக்கம் கையை நீட்டினார்.

செல்வி கத்திவிட்டாள். "அக்கா, நான் உங்களுக்காகப் பிரிக்கல! நொண்டியும் நோஞ்சானும் இருந்தா நீங்க அந்தப் பக்கமே பாக்க மாட்டீங்கன்னுதான் அப்படிப் பிரிச்சேன். இது எனக்கு வேணும்க்கா. இது இல்லாம எனக்குத் தைக்க வராது." பிறகு மளமளவென்று அழ ஆரம்பித்தாள்.

அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். உள்ளறையில் சுமதி குழந்தையைத் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"அப்ப, நான் கொழுத்ததத்தான் எடுப்பேன்னு நெனச்சிருக்க," என்றார்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கும் தரையைப் பார்க்கத்தான் தோன்றியது. அந்தக் கணக்கை நேற்று நானும்தானே சரியென்று சொன்னேன்.

"சுமதிகிட்ட இப்பத்தான் உன்னப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. அவரே கயிற்றை அவிழ்த்து, பட்டனைத் தூக்கி, செல்வியின் கையில் வைத்தார். "எடுத்துக்கிட்டுப் போ. இதுக்குப் போயி அழுவாத. ஆனா புள்ள பெத்தவளுக்கு மத்தியானத்துக்குள்ள சாறு வேணும். மத்த ரெண்டும் நோயில அடிபட்டது, அதக் குடுக்கக் கூடாது. அந்த மூணுல ஒண்ணு கொண்டாந்து குடுங்க. எதுன்னு நான் சொல்ல மாட்டேன். நான் எடுத்தா இன்னொரு பேச்சு வரும். நீங்களே பாத்து எடுங்க."

வீட்டுக்கு வரும்வரை செல்வி பட்டனை முந்தானைக்குள் மூடி வைத்திருந்தாள். உள்ளே போய்ப் பெடலில் உட்காரவைத்தாள். அது உடனே கண்ணை மூடிக்கொண்டது. என் பக்கம் திரும்பாமலே, "நீங்க போயி ஒண்ணப் புடிச்சிக் குடுத்துட்டு வந்துடுங்க. என்னால ஆவாது," என்றாள்.

நானும் சாதாரண வேலைதான் என்று நினைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். நான் கோழிக்குழம்பு சாப்பிடாத ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கிறவன்தான். சேவலைப் பிடிப்பது என்று முடிவு செய்திருந்தேன். போன வாரம்தான் அது என் முழங்காலில் காலால் அடித்து ரத்தம் வரவைத்தது. போகட்டும், வெடக்கோழிதான் வேண்டும் என்று அக்கா சொல்லவில்லையே.

கூடையைத் தூக்கிவிட்டதில் மூன்றும் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தன. துரத்திப் பிடிக்கத் தெம்பில்லை. குருணையைக் கையில் அள்ளிக்கொண்டு, "பா... பா... பா..." என்றேன்.

விடியலில் கிடைக்கும் தீனி நடுப்பகலிலும் கிடைக்கிறதே என்று அவற்றுக்கு ஏக சந்தோஷம். சேவல் ஓடிவந்து பாதி வழியில் நின்றுகொண்டு, பெட்டைகளைச் சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டது. தான் ஒரு மணிகூடத் தொடவில்லை. கருப்பு தயங்கித் தயங்கி வந்தது. செவலை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. என் காலைச் சுற்றி நடந்தது. செருப்பைக் கொத்திப் பார்த்தது. ராத்திரி வேலைக்குப் போகாததால் அதில் சுண்ணாம்பு இல்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் இருந்த குருணையைத் தின்ன ஆரம்பித்தது.

சேவலைத்தான் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். அது எட்டத்தில் நின்றது. செவலை கைக்குள் நின்றது. பிடித்துவிட்டேன்.

அது கத்தவுமில்லை, இறக்கையை அடிக்கவுமில்லை. நான்தானே தூக்குகிறேன் என்று சும்மா இருந்தது. வண்டியில் போகும்போது அக்குளில் இருந்துகொண்டு தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தது. இந்தத் தெருவில் எனக்கு அப்படி ஒரு வெயில் என்றைக்கும் அடித்ததில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை பிரேக்கைப் பிடித்தேன். திரும்பிப் போனால் கருப்பையோ, தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிட்ட அந்தச் சேவலையோ கொண்டுவர வேண்டும்.

அக்கா வாங்கி நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல கோழியாச்சேப்பா," என்றார்.

"ஆமாங்க்கா," என்று சொல்லிவிட்டு வண்டியை முடுக்கினேன். தெருமுனை தாண்டும்வரை காதில் எதுவும் விழக்கூடாது என்று எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் சுடர் வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு மெஷின் அடியில் புகுந்தாள். பட்டன் இருந்தது. "இருக்குது! இருக்குது!" என்று குதித்தாள். செல்வியும் சேர்ந்து சிரித்தாள். நான் வாசலில் உட்கார்ந்து வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஏற்கனவே போட்டதுதான். சுடர் குருணைக் கிண்ணத்தோடு கொல்லைக்குப் போனாள். கொஞ்சநேரத்தில் திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"அப்பா, கொழுத்தது மூணும் போயிருக்கும்னு நெனச்சேன். கருப்பும் சேவலும் இங்கயே இருக்குது. செவலை மட்டும் எங்க?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அம்மா பிரித்தது, பச்சையம்மாள் அத்தை நோஞ்சான் கூடையை எடுத்தது, நாங்கள் போய்ப் பட்டனைத் திருப்பிக்கொண்டு வந்தது, அதற்குப் பதிலாகக் கொடுத்தது. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கிண்ணத்தில் இருந்த குருணையை விரலால் கிளறிக்கொண்டே யோசித்தாள்.

"அதுக்குப் பேரு வெக்கலன்னுதானே குடுத்துட்டீங்க?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"பேரு வெச்சிருந்தா குடுத்திருக்க மாட்டீங்கல்ல? நான்தான்ப்பா பட்டனுக்கு மட்டும் வெச்சேன். அதுக்கும் வெச்சிருக்கணும். இப்ப வெச்சா பரவால்லையா?"

ஷிப்டு முடிந்து வரும் அந்த விடியலில் தெருவில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். என் சுண்ணாம்புக் காலைச் சுற்றி நடந்து அது மேற்பார்வை பார்க்கும்போது, நான் கேலியாக ஒன்று சொல்லிக் கூப்பிடுவேன். நாளாக நாளாக அந்தச் சத்தத்துக்கு அது திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. வீட்டில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"அதுக்குப் பேரு இருந்துச்சு கண்ணு," என்றேன்.

"என்னா பேரு?"

"மேஸ்திரி."

சுடர் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, எண்ணெய்க் கையென்றுகூடப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுவதை என் மகள் பார்த்தது அதுதான் முதல்முறை.